கூட்டுக் கலைத் தொகுப்புக்குக் காலி பெயிண்ட் டின்: ஒரு மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் சேர்ந்து செய்யும் கலைத் தொகுப்பை அடைத்துக் கொடுக்க மலிவான, யாரும் எதிர்பாராத ஒரு கலம் வேண்டுமென்றால், பெயிண்ட் ஊற்றப்படாத புதிய ஒரு லிட்டர் தகர டின்னை வாங்குங்கள். நெம்பித் திறக்கும் மூடி கொண்ட அதே டின்தான். வெளியில் எந்த அச்சும் இல்லாமல், வெள்ளி நிறத்தில் பளபளவென்று வெறுமையாகவே விற்கிறார்கள். பலவிதமான டப்பாக்களையும் உறைகளையும் குழாய்களையும் மேசையில் பரப்பி, திறந்து மூடி, குலுக்கி, தரையில் போட்டுப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

எங்கள் தொகுப்பில் 16 பேர். ஒவ்வொருவரும் தம் படைப்பை 16 பிரதிகளாகச் செய்து எனக்கு அனுப்புவார்கள். நான் அவற்றைப் பிரித்து, ஆளுக்கு ஒரு முழுத் தொகுப்பாக அடுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். கருப்பொருள் ‘பழுது பார்த்தல்’. வரப்போவது எல்லாம் காகிதமாக இருந்திருந்தால் கவலையே இல்லை. லினோ அச்சு, சயனோடைப் என்னும் நீல அச்சு, மடிப்புப் புத்தகம், கிழிசல் தைத்த துணித்துண்டு என்று 12 பேருடையவை தட்டையானவை. மற்ற நால்வரும் முறுக்கிய செம்புக் கம்பி, சுட்ட களிமண் பொத்தான் என்று கனமுள்ள பொருள்களில் செய்தார்கள். இவை ஒன்றையொன்று நசுக்காமல், கீறாமல், ஒரே கலத்தில் பயணம் செய்ய வேண்டும்.

கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும் அமிலமற்ற அட்டைப் பெட்டி நல்ல பொருள்தான். ஆனால் 16 பெட்டி வாங்கும்போது காகிதம், மை, துணி எல்லாவற்றுக்கும் ஆன செலவைப் பெட்டிச் செலவு தாண்டிவிடுகிறது. செலவை எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் திட்டம் இது. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். பங்குத் தொகையைக் கேட்டு ஒருவர் தயங்கி விலகினால், அந்தத் தொகுப்பு எனக்குக் குறைப்பட்ட தொகுப்புதான். அதனால் கலைப்பொருள் கடையை விட்டு வெளியே வந்து, வேறு தொழில்கள் தமக்காகச் செய்துகொண்ட கலங்களைத் தேடத் தொடங்கினேன். பெயிண்ட் தொழிலுக்கும் ஆய்வகத்துக்கும் வட்டுகள் விற்பவருக்கும் லட்சக்கணக்கில் செய்யப்படும் கலங்கள் அவை. பெருமளவில் செய்வதால் விலை குறைவு; எல்லாம் ஒரே அளவு. மூடி சரியாக மூடுகிறதா என்ற கவலையை அந்தத் தொழில் ஏற்கெனவே பட்டு முடித்திருக்கிறது.

இந்த வழியில் முன்னே நடந்தவர்கள் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் 1935 முதல் 1941 வரை உழைத்து, தன் படைப்புகளின் 69 சிறு நகல்களை ஒரு பெட்டிக்குள் அடக்கினார். திறந்தால் விரியும் சிறு அருங்காட்சியகம் அது. ஆனால் அது ஒருவருடைய பெட்டி. கூட்டு வேலைக்கு நான் பாடம் கேட்பது, 1960களில் இயங்கிய ஃப்ளக்ஸஸ் என்ற கலைஞர் குழுவை ஒருங்கிணைத்த ஜார்ஜ் மச்சூனஸிடம். 1964இல் வந்த ‘ஃப்ளக்ஸஸ் 1’ தொகுப்பில் காகித உறைகளை அடுக்கி, போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். கலைஞர்களின் படைப்புகள் அந்த உறைகளுக்குள் இருந்தன. கடையில் கிடைத்த சாதாரண பிளாஸ்டிக் பெட்டிகளையும், அலுவலகத்துக்குத் தூக்கிப்போகும் கைப்பெட்டியையும் அவர் கலைக்கலமாக மாற்றினார். ஃபிலிஸ் ஜான்சன் 1965 முதல் 1971 வரை நடத்திய ‘ஆஸ்பென்’ இதழ் பெட்டிக்குள்தான் வந்தது. 1966இல் ஓவியர் ஆண்டி வார்ஹோல் கைவைத்த மூன்றாம் இதழின் பெட்டி, துணி துவைக்கும் சோப்புத்தூள் பெட்டியின் தோற்றத்தில் இருந்தது. விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை, யோசித்துத் தேர்ந்த பெட்டி போதும் என்ற துணிவை இவர்கள்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

டின்னுக்கு அடுத்த இடம் டி.வி.டி. உறைக்கு. உங்கள் தொகுப்பு முழுக்கத் தட்டையானது என்றால், டின்னை மறந்துவிட்டு இதையே வாங்குங்கள் என்பேன். பாலிப்ரொப்பிலீன் என்ற வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். முதுகுப் பகுதியே கீலாக மடிகிறது. எத்தனை முறை திறந்து மூடினாலும் முறிவதில்லை. அஞ்சலட்டை அளவான ஏ6 தாள், அதாவது 105 க்கு 148 மி.மீ., உள்ளே வசதியாக உட்காரும். உறையின் மொத்தத் தடிமன் 14 மி.மீ.; உள்ளே ஏறத்தாழ ஒரு செ.மீ. கிடைக்கும். கனமான அச்சுத்தாளில் 16 படைப்புகள் வைத்தாலும் மூடி உப்பாது. வெளியில் ஒளிபுகும் உறை ஒன்று சுற்றியிருக்கிறது. 273 க்கு 183 மி.மீ. தாளில் முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் அச்சிட்டு அதில் செருகிவிட்டால், புத்தக அலமாரியில் தலைப்போடு நிற்கும். வட்டை மாட்டும் குமிழ் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். குமிழ் இருந்தால் கடைசித் தாளில் அதன் வட்டம் பதிந்துவிடும்.

சி.டி. உறை பார்க்க இதைவிட அழகு. கண்ணாடிபோல் தெளிவு, மூடியைப் பின்பக்கம் திருப்பி மாட்டினால் மேசையில் சாய்ந்து நிற்கும் சட்டமாகிவிடும். ஆனால் அது பாலிஸ்டைரீன், எளிதில் உடையும் பிளாஸ்டிக். மூடியைத் தாங்கும் இரண்டு சிறு காதுகளும் தபாலில் உடைகின்றன. கையோடு கையாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் எடுங்கள்.

35 மி.மீ. பிலிம் டப்பாவைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஐந்து செ.மீ. உயரம், மூன்று செ.மீ. விட்டம், இறுக்கமான மூடி, கையில் எடுத்தாலே ஆசையாக இருக்கும். ஆனால் அதற்குள் சுருட்டி வைத்த அச்சு நாளடைவில் சுருளாகவே பழகிவிடுகிறது. விரித்து வைக்க நான்கு மூலையிலும் கனம் வைக்க வேண்டும். துணிப்பட்டைக்கும் நூலுக்கும் சரி, அச்சுக்கு வேண்டாம்.

ஆய்வகத்தின் 50 மி.லி. பிளாஸ்டிக் குழாய் என் மனத்தை வெகுவாக இழுத்தது. மூன்று செ.மீ. விட்டம், பதினொன்றரை செ.மீ. நீளம், திருகு மூடி, பக்கவாட்டில் மில்லிலிட்டர் கோடுகள். எதை உள்ளே போட்டாலும் அது ஆராய்ந்து சேகரித்த மாதிரிப் பொருளாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. இயற்கை, உடல், ஆறு, மண் என்ற கருப்பொருளில் திட்டம் நடத்துபவர்கள் கட்டாயம் இதைப் பார்க்க வேண்டும். அடிப்பாகம் கூம்பு வடிவம் என்பதால் தானாக நிற்காது. அடியில் வளையம் வைத்து நிற்கும் வகையும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். எங்கள் 16 பேருக்கு இடம் போதவில்லை என்பதைத் தவிர அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நுண்ணுயிர்களை வளர்க்கும் ஒன்பது செ.மீ. வட்டத் தட்டான பெட்ரி தட்டும் ஆய்வகத்திலிருந்து வருவதுதான். காற்று போக வேண்டும் என்பதால் அதன் மூடியைத் தளர்வாகவே செய்கிறார்கள். சுற்றிலும் காகிதப் பட்டை ஒட்டாமல் அனுப்ப முடியாது. பாலிஸ்டைரீனில் நிலைமின்னேற்றமும் அதிகம். கரித்துண்டு ஓவியத்தையோ உலர் வண்ணக்கட்டி ஓவியத்தையோ அதற்குள் வைத்தால், தூள் மூடியை நோக்கி ஏறிவிடும்.

ஒளிபுகும் மெல்லிய பி.வி.சி. பைகளை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அந்த பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள் மெல்லக் கசிந்து லேசர் அச்சின் மையை இளக்கி, படத்தைப் பையோடு ஒட்டிவிடும். பிரித்தால் பாதிப் படம் பையில் இருக்கும். ஒருவர் பாடுபட்டுச் செய்ததை நம்மிடம் நம்பிக் கொடுக்கிறார். அதை அழிக்கும் உறையில் போட்டு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. பழுப்பு நெளிவு அட்டையும் நீண்ட காலத்துக்கு உதவாது. அதிலுள்ள அமிலம் தொட்டுக்கொண்டிருக்கும் தாளை மஞ்சளாக்கும்.

இனி டின். நான் வாங்கியதன் விட்டம் 108 மி.மீ., உயரம் ஏறத்தாழ 130. வாய் அதைவிடக் குறுகல், 90 மி.மீ. மூடி அழுந்திப் பிடிக்க ஒரு வளையம் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதனால்தான். கணக்குப் போட வேண்டியது வாயின் அளவை வைத்து. பலர் டின்னின் விட்டத்தை மட்டும் பார்த்து அளவு சொல்லிவிடுகிறார்கள். ஏ7 அளவு, அதாவது 74 க்கு 105 மி.மீ. கொண்ட அடுக்கை நிமிர்த்தி உள்ளே இறக்க வேண்டுமென்றால், 90 மி.மீ. வட்டத்துக்குள் 74 அகலம் போக, தடிமனுக்கு 51 மி.மீ. வரை இடம் கிடைக்கிறது. இதை வைத்துத்தான் எல்லோருக்கும் அளவு சொன்னேன்: ஏ7க்கு மேல் போகக்கூடாது, தடிமன் 3 மி.மீ. தாண்டக்கூடாது. 16 பேருமே தட்டையாகச் செய்திருந்தாலும் 48 மி.மீ. தான் ஆகும், நுழைந்துவிடும். கலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். படைப்புகள் வந்த பிறகு பெட்டி தேடினால், இருப்பதிலேயே பெரிய ஒரு படைப்பு மற்ற 15 பேருக்கும் பெரிய பெட்டியை வாங்க வைத்துவிடும்.

நிமிர்ந்து நிற்கும் அடுக்கின் இரு பக்கமும் பிறை வடிவில் இடம் மிஞ்சுகிறது. கம்பிக்கும் பொத்தானுக்கும் அதுதான் இடம். அவற்றைச் சாதாரணத் தீப்பெட்டிகளுக்குள் பஞ்சு வைத்துப் போட்டேன். தீப்பெட்டியைப்போல் நன்றாக யோசித்துச் செய்த சிறு பெட்டி வேறில்லை. ஓர் உறை, ஓர் இழுப்பறை, கீலும் பசையும் பூட்டும் தேவையில்லாத வேலை. அச்சில்லாத வெள்ளைத் தீப்பெட்டிகளும் தனியாக விற்கின்றன. உரசும் பட்டை உள்ளவை கிடைத்தால், அதன் மேல் காகிதம் ஒட்டி மறையுங்கள். பட்டையின் தூள் துணியில் கறையாக ஏறும். பக்கத்துக்கு இரண்டு தீப்பெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக. இதில் வரிசை முக்கியம். முதலில் தீப்பெட்டிகளைப் போட்டு வளையத்துக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளிவிட வேண்டும். பிறகுதான் அடுக்கை நடுவில் இறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தீப்பெட்டி வாயில் சிக்கும்.

அடுக்கை வெளியே எடுப்பதற்கும் ஒரு வழி வேண்டும். குறுகிய வாய்க்குள் விரலை விட்டுத் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மூலை மடங்கும். அடுக்குக்கு அடியில் ஒரு பருத்தி நாடாவைப் போட்டு, இரு முனைகளையும் மேலே விட்டுவைத்தேன். நாடாவைத் தூக்கினால் 12 படைப்புகளும் சேர்ந்து எழுந்து வருகின்றன. அவற்றுக்கு மேல் மிஞ்சும் இரண்டரை செ.மீ. உயரத்தில் மடித்த பழந்துணி. பங்கேற்ற ஒருவர் தன் கிழிந்த சட்டைகளை வெட்டி 16 துண்டுகளாக அனுப்பினார். பழுது பார்த்தல் என்ற கருப்பொருளுக்கு நான் தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கருப்பொருளுக்குப் பெயிண்ட் டின்னைவிடப் பொருத்தமான கலம் எனக்குத் தோன்றவில்லை. வீட்டைச் சீர்செய்யும் நாளில் கண்ணில் படும் முதல் பொருள் அது. அதைத் திறக்க வேண்டுமென்றால், பெறுபவர் எழுந்துபோய்க் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவர வேண்டும். மூடியின் ஓரத்தில் கொடுத்து, சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். மூடி விடுபடும்போது ஒரு சத்தம் வரும். பிசின் நாடாவைக் கிழித்துத் திறக்கும் பெட்டியில் இந்தக் காத்திருப்பு கிடையாது. தொகுப்பைப் பெறுபவரும் பழுது பார்ப்பவரின் அசைவுகளைத் தன் கையால் செய்துவிட்டுத்தான் உள்ளே பார்க்கிறார். நீர்வண்ணத்தில் நுணுக்கமாக வேலை செய்யும் தோழி ஒருத்தி, தன் ஓவியம் பெயிண்ட் டின்னுக்குள் போகப் போகிறதா என்று முதலில் முகம் சுளித்தாள். டின்னைத் திறந்தவுடன் அவள் எழுதிய வரி: “நாடாவைத் தூக்கியபோது கை நடுங்கியது.”

வாங்கும்போது கவனிக்க வேண்டியது உட்பூச்சு. வெறும் தகரமாக ஒரு வகை, உள்ளே பொன்னிறத்திலோ சாம்பல் நிறத்திலோ பூச்சு கொடுத்தது இன்னொரு வகை. நீரில் கரையும் பெயிண்டுகளால் துரு ஏறாமல் இருக்க இந்தப் பூச்சைக் கொடுக்கிறார்கள். தாளுக்கும் துணிக்கும் பூச்சுள்ள டின்தான் வேண்டும். வெறும் தகரத்தில் ஈரக்காற்று படிந்தால், வெட்டப்பட்ட விளிம்புகளில் முதலில் துரு கிளம்பி வெள்ளைத் தாளில் ஒட்டும். எந்த வகையானாலும் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை அடியில் போட்டுவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் டின்னில் எண்ணெய்ப் பிசுக்கு லேசாக இருக்கும். சோப்பு நீரில் துடைத்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து உலர வைத்த பிறகே அடைக்க வேண்டும். ஒவ்வொரு படைப்பையும் அமிலமற்ற மெல்லிய தாளில் தனித்தனியாகச் சுற்றினேன். மச்சூனஸின் உறைகளிலிருந்து எடுத்துக்கொண்டது அது. ஒவ்வொருவருக்கும் தனி அறை கிடைக்கிறது; நீல அச்சும் செம்புக் கம்பியும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

வெளியே ஒட்டும் தாளுக்கும் கணக்கு உண்டு. டின்னின் சுற்றளவு ஏறத்தாழ 339 மி.மீ. ஏ4 தாளின் நீளம் 297. அதாவது நான்கு செ.மீ. குறைகிறது. இதற்காகப் பெரிய தாள் வாங்க வேண்டியதில்லை. டின்னின் பக்கவாட்டில் தகரத்தின் இரு ஓரங்களையும் இணைத்த கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடுகிறது. இடைவெளியை அந்தக் கோட்டின்மேல் வருமாறு விட்டு ஒட்டினேன். தாளுக்கு நடுவே தகரமும் அந்த இணைப்பும் தெரிவது எங்கள் கருப்பொருளுக்கு நன்றாகவே அமைந்தது. நேரடியாகத் தகரத்தில் முத்திரை குத்த விரும்பினால், உலோகத்தில் காயும் கரைப்பான் மை வேண்டும். சாதாரண முத்திரை மை விரல் பட்டாலே அழிந்துவிடும்.

குறைகளும் இருக்கின்றன. உருளை வடிவம் தபாலில் உருண்டோடும், சதுர அட்டைப் பெட்டி ஒன்றுக்குள் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டியும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அமிலமற்ற அட்டைப் பெட்டியைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் தபால் எடை கூடும், டி.வி.டி. உறையோடு ஒப்பிட்டால் நன்றாகவே கூடும். தொலைதூரங்களுக்கு நிறையப் பேருக்கு அனுப்பும் திட்டமென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் உறையை நோக்கிப் போகலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது; அலமாரியில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். மூடியைப் பலமுறை நெம்பினால் ஓரம் நெளிந்து பிடிப்பு தளரும். மூடும்போது சுத்தியலால் நேரடியாகத் தட்டாமல், மூடிமேல் ஒரு பலகையை வைத்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் வட்டம் கெடாது.

பயன்படுத்திய டின்னைக் கழுவி எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. காய்ந்த பெயிண்டின் வாடை தாளில் ஏறினால் போகாது. வெளியில் பெயிண்டின் பெயரும் எரியும் பொருள் என்ற குறியும் இருந்தால், தபாலில் அதை நிறுத்திவைக்க எல்லா நியாயமும் இருக்கிறது. பிளாஸ்டிக் பெயிண்ட் டப்பா துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஈரமான இடங்களில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அதன் மூடி பிடிக்கவில்லை. நெம்பும் வேலையும் இல்லை, சத்தமும் இல்லை.

எண்ணிக்கையில் சிக்கனம் பார்க்காதீர்கள். 16 தொகுப்புக்கு 20 டின் வாங்கினேன். ஒரு விற்பனையாளர் அனுப்பிய கட்டில் சில டின்களின் வாய் நசுங்கியிருந்தது. வாய் வட்டம் கெட்ட டின்னை எந்த மூடியாலும் காப்பாற்ற முடியாது. கட்டு வந்தவுடன் ஒவ்வொன்றையும் மூடித் திறந்து பார்த்து, நெளிந்ததை உடனே திருப்பி அனுப்புங்கள். மூடி தனியாகவும் விற்கிறது. திறந்து திறந்து பார்க்கும் ஆட்களுக்காக நான்கைந்து மூடிகளைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.